கையெழுத்தை ஒரு மாதம் முன்னால் போடுங்கள்

பெங்களூரு கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் நிர்வாகத்தாருக்கும் வணக்கம்.

ஸ்ரீராமபுரத்தில் மைக் செட் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். இன்றைக்கு எங்கள் பிழைப்பில் பாதி உங்கள் கல்லூரி விழாக்களால்தான் ஓடுகிறது. பிப்ரவரி பிறந்தால் ஏப்ரல் முடிகிறவரை ராத்திரி வீட்டில் தூங்குவது அபூர்வம். கன்னடம் நன்றாகப் பேசுவேன், ஆனால் மனதில் இருப்பதை எழுத எனக்குத் தமிழ்தான் வரும். தமிழ் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது உங்களிடம் இருப்பார், அவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

மேடை சாய்ந்தாலோ கூட்டம் நெரிந்தாலோ பழி மாணவர்கள் மேல் விழுகிறது, இல்லையென்றால் எங்கள் மேல். எங்கள் ஆட்களிடம் தப்பே கிடையாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை வருஷம் மேடைக்குப் பின்னால் நின்று பார்த்தவன் சொல்கிறேன், பாதிக் கோளாறு விழா அனுமதி ஃபைலில் உங்கள் கையெழுத்து தாமதமாவதில் தொடங்குகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கத்துப் பெண், இரண்டாம் வருஷம் படிப்பவர், ஜனவரியிலேயே கொட்டேஷன் கேட்டுக் கடைக்கு வந்தார். கையில் ஒரு நோட்டு. கல்லூரி மைதானத்தை அதில் படமாகவே போட்டிருந்தார். எந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்கும், ஜெனரேட்டர் நிற்கிற இடத்தில் இருந்து மேடைக்கு எத்தனை அடி, எல்லாம் இருந்தது. பின்பக்கக் கேட்டுக்கு மட்டும் ஒரு கேள்விக்குறி. "அண்ணா, சாவி யார்கிட்ட இருக்குன்னு மூணு பேரைக் கேட்டேன். மூணு பேரும் வேற வேற ஆளைச் சொல்றாங்க" என்றார்.

விழாவுக்கு அனுமதி கேட்ட அந்தப் பெண்ணின் ஃபைல் ஒருங்கிணைப்பாளர் ஆசிரியர், துறைத் தலைவர், முதல்வர், டிரஸ்ட் ஆபீஸ் என்று சுற்றி வந்தது. விழா வெள்ளிக்கிழமை. கையெழுத்து வந்தது புதன்கிழமை சாயங்காலம். கையெழுத்து இல்லாமல் அட்வான்ஸ் கிடைக்காது, அட்வான்ஸ் இல்லாமல் ஜெனரேட்டர்காரர் வண்டியைப் பிடித்து வைக்க மாட்டார். நல்ல ஜெனரேட்டர் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டது, பழையதுதான் கிடைத்தது. காலையிலும் மாலையிலும் நகரத்துக்குள் லாரி வரக்கூடாத நேரம் உண்டல்லவா, அதனால் சாரக் கம்பிகள் வந்து இறங்கியதே நள்ளிரவுக்கு மேல். விடிவதற்குள் மேடை, எல்இடி திரை எல்லாம் நிற்க வேண்டும். அவசரத்தில் திரையின் ஒரு காலுக்கு அடியில் பலகை போடாமல் செங்கல்லை வைத்துவிட்டார்கள். அது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் நானே என் கண்ணால் பார்த்திருப்பேன்.

ஏப்ரல் சாயங்காலம் பெங்களூரில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வெயில் அடித்துக்கொண்டே இருக்கும், அரை மணியில் காற்றும் மழையும் ஒன்றாக வந்துவிடும். அன்றைக்கும் வந்தது. செங்கல் மண்ணில் இறங்கியது, திரை ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். இருட்டில் மொத்தக் கூட்டமும் முன் கேட்டுக்குப் பாய்ந்தது. பின் கேட்டு பூட்டியே கிடந்தது. அந்தப் பெண்ணும் இருபது முப்பது வாலண்டியர்களும் கை கோத்து நின்று, கத்திக் கத்தி, கூட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுவாரம் நிர்வாகம் விளக்கக் கடிதம் கேட்டது, அந்தப் பெண்ணிடம்! பில் வாங்கப் போனபோது ஆபீஸ் வராண்டாவில் அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த முகம் இன்னும் மனதை அறுக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படித் தப்பித்துவிட முடியாது. 2023 நவம்பர் 25 அன்று கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் திஷ்ணா விழா. பாட்டுக் கச்சேரிக்காக வெளியே காத்திருந்தவர்கள் மழை வந்ததும் திறந்தவெளி அரங்குக்குள் ஓடினார்கள். நுழைந்தவுடன் செங்குத்தாக இறங்கும் படிக்கட்டு. முன்னால் போனவர்கள் விழ, பின்னால் வந்தவர்கள் அவர்கள் மேல் விழுந்தார்கள். 4 பேர் செத்துப்போனார்கள். அப்புறம் நம் ஊரிலேயே 2025 ஜூன் 4. முந்தின ராத்திரி நம் ஊர் ஆர்சிபி அணி ஐபிஎல் கிரிக்கெட் கோப்பையை ஜெயித்தது, மறுநாள் சாயங்காலமே சின்னசாமி ஸ்டேடியத்தில் விழா என்றார்கள். வாசலில் 11 உயிர் போனது. லட்சக்கணக்கில் கூடுகிற கூட்டத்துக்கு ஒரே ஒரு நாளில் என்ன ஏற்பாடு செய்துவிட முடியும்?

உங்களிடம் கேட்பது பெரிய செலவு இல்லை. விழாவுக்கு முப்பது நாள் முன்னால் கையெழுத்தும் அட்வான்ஸும் மாணவர்கள் கையில் இருக்கட்டும். ஒலிபெருக்கி வைக்க எழுத்து மூலம் அனுமதி வாங்க வேண்டும் என்பதும், ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் போடக்கூடாது என்பதும் 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதி. கல்லூரியின் கடிதம் இல்லாமல் பிள்ளைகள் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். கடிதம் நேரத்தில் கிடைத்தால் இன்ஸ்பெக்டரே வந்து கேட்டைப் பார்த்துவிட்டுப் போவார், அப்படி நடந்து நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய பாடகர் யார், ஸ்பான்சர் பேனர் எங்கே என்பதைப் பேச உங்கள் கூட்டங்களில் ஒரு மணி நேரம் போகிறது. வெளியே போகும் வழியைப் பற்றிப் பத்து நிமிஷமாவது பேசுங்கள். பேசும்போது மாணவர்களையும் கூட உட்கார வையுங்கள். எந்தப் படியில் தண்ணீர் நிற்கும், எந்த விளக்கு எரியாது என்று உங்களைவிட, என்னைவிட அவர்களுக்குத்தான் தெரியும். விழா நாளில் பூட்டுகளின் சாவி எல்லாம் ஒரே ஆளிடம் இருக்கட்டும், அவர் பெயரும் போன் நம்பரும் மேடைக்குப் பின்னால் ஒட்டி இருக்கட்டும்.

என் பங்குக்கு நானும் ஒன்று செய்கிறேன். எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் ஒரு மாதம் முன்னால் வந்து மைதானத்தை நடந்து பார்த்து, மேடை எங்கே, ஜெனரேட்டர் எங்கே, எர்த் எங்கே என்று பிள்ளைகளோடு குறித்துக் கொடுக்கிறேன். ஆர்டர் வேறு கடைக்குப் போனாலும் பரவாயில்லை, இதற்குக் காசு வேண்டாம். வரும்போது அந்தப் பின் கேட்டைத் திறந்து மட்டும் வையுங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீராமபுரத்து மைக் செட்காரர்