முதலில் முன்பணம், அப்புறம் நன்கொடை

நைரோபியில் கிறிஸ்துமசுக்கு முன் உதவிச் சந்தை நடத்தும் வெளிநாட்டு மகளிர் சங்கங்களின் செயற்குழுவினருக்கு,

வணக்கம். கணவரின் வேலைக்காக இங்கே வந்து டிபெண்டன்ட் பாஸில் (வேலை பார்ப்பவரின் குடும்பத்தார் தங்குவதற்கான அனுமதி) இருக்கும் பலரில் நானும் ஒருத்தி. சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது. நேரம் நிறைய இருக்கிறது. அதைத் தொண்டுக்குக் கொடுக்கிறோம், நல்லதுதான். சந்தை நடக்கும் முறையில்தான் எனக்கு மனத்தாங்கல்.

மச்சாக்கோஸ், கிடுயி பக்கத்துப் பெண்கள் குழுக்கள் கியோண்டோ கூடைகளைக் கொண்டுவருகின்றன. மேசைக்கு வாடகை வாங்குகிறோம். விற்றதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறோம். விற்காததை அவர்களே மூட்டை கட்டி, பஸ் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். மிச்சப் பணம் கணக்கு முடிந்த பிறகுதான். அப்புறம், சேர்ந்த தொகையை ஒரு ஆதரவற்றோர் இல்லத்துக்குக் காசோலையாகக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த நன்கொடையில் பாதியைக் கொடுத்தவள் கூடை பின்னியவள்தான்.

ஒரு கூடைக்கு எவ்வளவு வேலை என்று பாருங்கள். கற்றாழை மாதிரியான சைசல் இலையைச் சீவி நார் எடுத்து, காயவைத்து, சாயம் தோய்த்து, தொடையில் வைத்துத் திரித்து, அடியிலிருந்து சுற்றிச் சுற்றிப் பின்னவேண்டும். வயல் வேலைக்கும் சமையலுக்கும் நடுவில் நடக்கிற காரியம் இது. தோல் கைப்பிடி வைக்க வேறு ஆளுக்குக் காசு. இத்தனையையும் கையிலிருந்து போட்டுவிட்டு, நம் பொருளாளர் விடுமுறை முடிந்து திரும்பும்வரை அவள் காத்திருக்கிறாள். கென்யாவில் பள்ளி ஆண்டு தொடங்குவது ஜனவரியில். ஃபீஸ் கட்டவேண்டிய நேரத்தில் பணம் நம்மிடம் தூங்குகிறது!

இதற்குப் புதிதாக வழி கண்டுபிடிக்கவேண்டாம். கைவினைப் பொருளுக்கு ஆர்டர் கொடுக்கும்போதே, செய்பவர்கள் கேட்டால், குறைந்தது பாதித் தொகையை வட்டியில்லாமல் முன்பணமாகத் தரவேண்டும் என்பது உலக நியாய வணிக அமைப்பின் (World Fair Trade Organization) விதி. நம் ஊரிலேயே உதாரணமும் இருக்கிறது. கேரன் பகுதியில் 1975-இல் ஒரு சின்னக் கொட்டகையில் இரண்டு பெண்களோடு தொடங்கிய கசூரி மணிப் பட்டறை, இன்று நூற்றுக்கணக்கான பெண்களுக்கு வேலை தருகிறது. அங்கே நாம் மணிமாலை வாங்குவது இரக்கப்பட்டு அல்ல, அழகாக இருப்பதால்.

பேரம் பற்றியும் ஒரு வார்த்தை. மசாய் மார்க்கெட் என்கிற கைவினைச் சந்தையில் தாராளமாகப் பேசுங்கள். அங்கே விற்பவர்களில் பலர் வாங்கி விற்பவர்கள், அவர்களும் பேரத்தை எதிர்பார்த்தே விலை சொல்கிறார்கள். பின்னியவளே எதிரில் நிற்கும்போது கடைசி ஐம்பது ஷில்லிங்குக்கு மல்லுக்கட்டுவது பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

இந்த ஆண்டு மேசை வாடகையை எடுத்துவிடுங்கள். ஜூலையிலேயே ஆர்டரும் முன்பணமும் கொடுங்கள். மீதியைச் சந்தை முடிந்த அன்று மாலையே கைபேசிவழி எம்-பெசாவில் அனுப்புங்கள். விற்காத கூடைகள் சங்கத்தின் பொறுப்பாக இருக்கட்டும். அதில் கொஞ்சத்தை எங்கள் தமிழ்ப் பெண்கள் எடுத்துக்கொள்வார்கள். நவராத்திரிக் கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்கச் சின்னக் கியோண்டோ பிளாஸ்டிக் டப்பாவைவிட எவ்வளவோ மேல்.

கணக்கு எழுத ஆள் இல்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருத்தி