காதைப் பொத்தின கைகளுக்கு

எல்லோருக்கும் வணக்கம். பெப்ரவரியில் இருந்து மே வரை, என் சின்ன மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்று இதை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு நின்றவர்களே நீங்கள்தானே. திருப்பி எழுத எனக்கு ஏலாது. சின்னவன் பக்கத்து அறையில் நித்திரை. குறட்டை கேட்கிறது.

முறை வைத்து இரவில் வந்து இருந்த அக்காமாருக்கும், படிவங்களை இத்தாலியனில் நிரப்பித் தந்த தம்பிக்கும், காசு தந்துவிட்டு யாரிடமும் சொல்லாதே என்றவர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சட்டியைக் கேட்காமலே போனவர்களுக்கும் (ஆறு சட்டி இங்கே நிற்கிறது, வந்து எடுங்கள்) நன்றி. இப்படி எல்லோரையும் ஒரே மூட்டையாகக் கட்டினதற்குக் கோபிக்க வேண்டாம், ஒவ்வொரு வீடாக வரத்தான் போகிறேன். இன்றைக்கு எழுத உட்கார்ந்தது பெயர்கூடத் தெரியாத ஒருவரைப் பற்றி.

நான் வேலைக்கு நின்று பார்த்துக்கொள்கிற சிஞ்ஞோரா (இத்தாலியனில் அம்மா என்கிற மாதிரி) பலாட்சோலோ அக்ரெய்தே ஊர்க்காரி. சிசிலியில், சிராக்கூசா மாகாணத்தில் மலைமேல் இருக்கிற சின்ன ஊர். 1693 பூகம்பத்தில் விழுந்து திரும்பக் கட்டினது, இப்போது யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. பிள்ளை எழும்பினால் ஜூன் 29 திருநாளுக்குச் சான் பாவ்லோவிடம் கூட்டிக்கொண்டு போ என்று எனக்காக நேர்த்தி வைத்தது அவதான். அதில் ஒரு வேடிக்கை. அந்த ஊரில் இரண்டு கட்சி, பாவ்லோ ஆட்கள், செபஸ்தியானோ ஆட்கள். சிஞ்ஞோரா பரம்பரைச் செபஸ்தியானோ கட்சி, அவர்களுடைய திருநாள் ஓகஸ்ட் 10. மன்னாரில் எங்கள் ஆசனக்கோவிலும் செபஸ்தியாருக்குத்தானே, அப்போ ஏன் என்னை மற்றவரிடம் அனுப்புகிறீர்கள் என்று கேட்டேன். ஓகஸ்ட் வரைக்கும் கடன் வைத்திருக்கக் கூடாது என்றா!

சான் பாவ்லோ வேறு யாருமில்லை, நம் அம்மம்மாமார் சொல்கிற சின்னப்பர். மால்டாவில் விறகு போடும்போது கையில் பாம்பு கவ்வ, அதை நெருப்பில் உதறிவிட்டு ஒன்றுமே ஆகாமல் இருந்தவர். அங்கிருந்து ரோமுக்குப் போகிற வழியில் சிராக்கூசாவில் மூன்று நாள் தங்கினார் என்று வேதாகமத்திலேயே இருக்கிறது. அதனால் இந்த ஊரில் அவர்தான் பாம்புக்குக் காவல். வளையம் மாதிரிப் பாண் சுட்டு அதன்மேல் மாவாலேயே பாம்பு செய்து ஒட்டுகிறார்கள், குட்டூரா என்று பெயர். காலையில் வண்டி வீதி வீதியாகப் போய் அதைச் சேர்க்கிறது, பிறகு ஏலம். எனக்கு எங்கள் அம்மம்மா பாம்புக்குப் பயந்து வாசல் நிலையில் முடிந்து வைத்திருந்த மடுக்கோவில் மண்தான் ஞாபகம் வந்தது.

மத்தியானம் ஒரு மணிக்குச் சொரூபம் வெளியே வரும். கோவில் படிக்குக் கீழே சனம், வெயில், குழந்தைகளை உடுப்பில்லாமல் தூக்கிப் பிடித்தபடி தகப்பன்மார். நான் சின்னவனைத் தூக்கி வைத்திருந்தேன். ஆறு வயது, ஆனால் பாரம் இல்லை, அது உங்களுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அவனுக்குச் சத்தம் ஆகாது. அதை நான் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

கதவு திறந்தது, மேல்சட்டை இல்லாத ஆட்கள் தோளில் சொரூபத்தோடு வெளிப்பட, நாலு பக்கமும் வெடி, கலர்க் காகிதக் கீற்றுகள் வானத்தை மூடிக்கொண்டு கொட்டுகின்றன. சின்னவன் அப்படியே விறைத்துப் போனான். என் இரண்டு கையும் அவனுக்குக் கீழே, காதைப் பொத்தக் கை இல்லை. அப்போது பக்கத்தில் நின்ற ஒரு கிழவர் "பிச்சிரிட்டு" என்றார், குஞ்சன் என்கிற மாதிரி. அவ்வளவுதான். இரண்டு உள்ளங்கையையும் அவன் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். பெரிய கைகள், விரலிடுக்கில் மா காய்ந்திருந்தது.

வெடி ஓயும்வரை எடுக்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும். சொரூபம் அவருக்குப் பின்னால் போனது, திரும்பவில்லை. அந்த ஊர் ஆட்கள் வருஷம் முழுக்கக் காத்திருக்கிற அந்தப் பத்து நிமிஷமும் தலையெல்லாம் காகிதத்தோடு என் பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்புறம் துணிப்பைக்குள் இருந்து குட்டூராவில் ஒரு துண்டை எடுத்துப் பாம்பின் வாலை முறித்து நீட்டினார். கரண்டியைக் கண்டாலே தலையைத் திருப்புகிறவன், வாங்கிக் கடித்தான். மென்றான். மற்றத் துண்டுக்குக் கை நீட்டினான். நான் அழுதது அப்போதுதான், ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் கிழவர் சனத்துக்குள் போய்விட்டார்.

சிஞ்ஞோராவிடம் அடையாளம் சொல்லிக் கேட்டேன். மாக் கை என்றால் பாதி ஊர் என்கிறா.

வருகிற ஜூன் 29க்கு அந்த வண்டியில் என் கையால் சுட்ட குட்டூரா ஒன்று ஏறும், இது என் நேர்த்தி. நேற்று ஒன்று சுட்டுப் பார்த்தேன், பாம்பு மண்புழு மாதிரி வந்திருக்கிறது. சின்னவன் அதையும் தின்றுவிட்டான்.