புத்தகம் ஒன்று, பதிவு நான்கு

பெங்களூரில் தமிழ் நூலகம் நடத்திவரும் சங்கங்கள், மன்றங்கள், குடியிருப்போர் அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலர் பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கியிருக்கிறீர்கள். வரவேற்க வேண்டிய காரியம். அதில் ஒரே ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளக் கேட்டே இந்த மடல். வார இறுதியில் வந்து உட்காரும் தன்னார்வலரிடம் "இன்றைக்கு எத்தனை புத்தகம் ஏற்றினீர்கள்?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "எத்தனையைத் தேடிப் பார்த்துவிட்டு ஏற்றினீர்கள்?" என்று கேளுங்கள்.

எண்ணிக்கையைக் கேட்டால் எண்ணிக்கைதான் வரும். நூறு புத்தகம் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் யாரும் தேட மாட்டார்கள். அட்டையைப் பார்த்து அப்படியே தட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். 'சங்க இலக்கியம்' என்று தொடங்கும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஒருவர் இடம் விட்டு அடிக்கிறார். இன்னொருவர் 'சங்கஇலக்கியம்' என்று சேர்த்து அடிக்கிறார். மூன்றாமவர் தமிழ்த் தட்டச்சு வராததால் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார். நான்காமவர் தலைப்போடு உரையாசிரியர் பெயரையும் ஒரே கட்டத்தில் திணிக்கிறார். அலமாரியில் ஒரே நூலின் நான்கு படிகள். கணினியில் நான்கு வெவ்வேறு நூல்கள். ஒரு வாசகர் தேடும்போது அவற்றில் ஒன்றுதான் கண்ணில் படும். அது இரவல் போயிருந்தால் 'புத்தகம் இல்லை' என்று திரும்பிவிடுவார். மற்ற மூன்றும் அலமாரியிலேயே கிடக்கும்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், ஆவணப்படுத்தல் ஆய்வு, பயிற்சி மையத்தை 1962இல் தொடங்கியது இதே பெங்களூரில்தான். வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது 1931இல் அவர் முன்வைத்த ஐந்து விதிகளில் நான்காவது. ஏற்றுபவர் ஐந்து நிமிடம் கூடுதலாகச் செலவழித்தால்தான் பின்னால் வரும் நூறு வாசகர்களின் நேரம் மிஞ்சும். இந்தக் கணக்கை நிர்வாகக் குழு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். கோஹா, இ-கிரந்தாலயா, சோல் என்று எந்த மென்பொருளை வைத்திருந்தாலும் அடிப்படை ஒன்றுதான். கீழே சொல்வது கோஹாவை மனதில் வைத்து. நியூசிலாந்தில் ஒரு நூலக அறக்கட்டளைக்காக எழுதப்பட்டு 2000 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள் அது. சிறு நூலகங்களுக்கு நன்றாகவே பொருந்துகிறது.

முதல் தேடல் உங்கள் பட்டியலிலேயே. ஐஎஸ்பிஎன் (நூலுக்குத் தரப்படும் பன்னாட்டு எண்) இருந்தால் அதைக் கொண்டு தேடுங்கள். 2007க்கு முந்தைய நூல்களில் பத்து இலக்கம்தான் இருக்கும். அதைப் பதின்மூன்று இலக்கமாக்க முன்னால் 978 சேர்த்தால் மட்டும் போதாது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு எண், அது மாறும். முதல் பன்னிரண்டு இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாக 1, 3 என்று பெருக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையைப் பத்தின் மடங்காக்க எது தேவையோ அதுதான் கடைசி இலக்கம். ஐஎஸ்பிஎன் இல்லாத பழைய தமிழ் நூல்களே உங்களிடம் அதிகம் இருக்கும். அவற்றுக்குத் தலைப்பின் முதல் சொல்லும் ஆசிரியர் பெயரின் முக்கியப் பகுதியும் போதும். முழுத் தலைப்பை அடிக்காதீர்கள். தமிழில் சந்தி நம்மைக் கவிழ்த்துவிடும்: 'தமிழ்ச் சங்கம்', 'தமிழ்ச்சங்கம்', 'தமிழ் சங்கம்' மூன்றும் கணினிக்கு மூன்று வேறு சரங்கள். 'தமிழ்' என்று அடித்து நட்சத்திரக் குறி போட்டுத் தேடினால் மூன்றும் வரும்.

தமிழில் தேடினால் எதுவுமே வரவில்லையா? பதிவில் தவறு தேடுவதற்கு முன் நிறுவலைப் பாருங்கள். கோஹாவின் ஸீப்ரா தேடுபொறியை நிறுவும்போது சொல்லட்டவணைக்கு இரண்டு வழிகள் உண்டு. தமிழுக்கு, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றதைத் தேர்ந்தெடுத்திருந்தால் எவ்வளவு கவனமாக ஏற்றினாலும் தேடலில் சிக்காது. பின்னால் மாற்றினால் முழு மறுஅட்டவணை ஓட்ட வேண்டும்.

உங்கள் பட்டியலில் இல்லை என்று உறுதியானதும் நேராகத் தட்டச்சுக்குப் போகாதீர்கள். நூற்பட்டியல் பகுதியில் 'புதிய பதிவு' பொத்தானுக்குப் பக்கத்திலேயே இசட் 39.50 தேடல் இருக்கிறது. மற்ற நூலகங்களின் பட்டியலுக்குள் போய்த் தேடி, கிடைத்த பதிவை அப்படியே இங்கே கொண்டுவரும் நெறிமுறை அது. எந்தெந்த நூலகங்களில் தேடலாம் என்பதை நிர்வாகப் பகுதியில் ஒருமுறை பதிந்து வைக்க வேண்டும்: சர்வர் முகவரி, போர்ட் எண் (பெரும்பாலும் 210), தரவுத்தளத்தின் பெயர், மார்க்21 வடிவம் (நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களில் எழுதிவைக்கும் நூலகத் தர வடிவம்), எழுத்துக் குறியாக்கம். இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சறுக்கல் அதிகம். பழைய மார்க்-8 குறியாக்கத்தில் தமிழ் எழுத்துக்கு இடமே கிடையாது. தமிழ் எழுத்தோடு வரும் பதிவு, யூனிகோடு குறியாக்கமான யூடிஎஃப்-8 ஆகத்தான் இருக்க முடியும். மாற்றித் தேர்ந்தெடுத்தால் தமிழ் எழுத்துகளும், உரோம எழுத்தின் மேல் கீழ்ப் புள்ளிகளும் குப்பைக் குறிகளாக வந்து இறங்கும். அதைக் கவனிக்காமல் 'சேமி' அழுத்திவிட்டால் பிறகு ஒவ்வொன்றாகக் கையால் திருத்த வேண்டும்.

வாஷிங்டனிலுள்ள அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962 முதல் புது தில்லியில் ஓர் அலுவலகம் வைத்து இந்திய மொழி நூல்களைச் சேகரித்துவருகிறது. ஆகவே தமிழ் நூல்களுக்கு அங்கே பதிவுகள் ஏராளம். ஆனால் பழைய பதிவுகளில் தலைப்பும் பெயரும் உரோம எழுத்தில்தான் இருக்கும். அதுவும் நாம் பெயர்ப்பலகையில் எழுதும் உரோம எழுத்து முறை அல்ல. எழுத்துக்கு எழுத்து நேராக மாற்றும் முறை: க எங்கே வந்தாலும் கே, ச எங்கே வந்தாலும் சி, ட-வும் த-வும் டி (ட-வுக்கு மட்டும் கீழே புள்ளி), ழ என்பது கீழே கோடு போட்ட எல். எனவே 'சங்க' என்பது எஸ்-ஏ-என்-ஜி-ஏ அல்ல, சி-ஏ-என்-கே-ஏ. 'கழகம்' என்பதற்கு இசட்-எச் போட்டுத் தேடினால் பூச்சியம்தான். கே-ஏ-எல்-ஏ-கே-ஏ-எம் என்று போடுங்கள். புள்ளியும் கோடும் போடத் தேவையில்லை, பெரும்பாலான சர்வர்கள் அவற்றை விட்டுவிட்டே ஒப்பிடும். இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் 'தமிழ்ப் புத்தகம் எதுவும் அங்கே கிடைப்பதில்லை' என்று பலர் அந்தப் பொத்தானைத் தொடுவதையே விட்டுவிடுகிறார்கள். இந்த எழுத்து அட்டவணையை ஒரு தாளில் அச்சிட்டுக் கணினிக்கு மேலே ஒட்டி வையுங்கள்.

பதிவு கிடைத்ததும் முதலில் முன்னோட்டம் பாருங்கள். பக்க எண்ணிக்கை, பதிப்பகம், ஆண்டு மூன்றும் கையிலிருக்கும் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா? தமிழ்ப் பதிப்பகங்கள் மறுஅச்சையும் 'பதினைந்தாம் பதிப்பு' என்றே போடுவது வழக்கம். பக்கமும் பதிப்பகமும் மாறவில்லையென்றால் அது அதே பதிவு, இன்னொரு படி, அவ்வளவுதான். பதிப்பகம் மாறியிருந்தாலோ, புதிதாக எழுத்து கோர்த்துப் பக்கம் மாறியிருந்தாலோ புதிய பதிவு.

ஆண்டில் ஒரு கண்ணி உண்டு. சில நூல்கள் திருவள்ளுவர் ஆண்டை மட்டும் தாங்கியிருக்கும். அதில் 31ஐக் கழித்தால் பொது ஆண்டு. 2031 என்று போட்டிருந்தால் 2000. கழிக்காமல் ஏற்றினால், 'புதிய வரவு' என்று ஆண்டு வாரியாக வரிசைப்படுத்தும்போது இன்னும் பிறக்காத ஆண்டின் நூல்கள் முதலில் வந்து நிற்கும்.

பதிவை இறக்கிய பிறகு தொட வேண்டிய புலங்கள் சில உண்டு. மொழி, ஆண்டு போன்றவற்றைக் குறியீடாகத் தாங்கும் 008 புலம் இறக்கிய பதிவில் சரியாகவே வரும். நீங்களே புதிதாகத் தட்டச்சு செய்யும்போதுதான் தொல்லை. கோஹாவில் அந்தக் கட்டத்தைச் சொடுக்கியதும் தானே நிரம்பிவிடும், மொழி ஆங்கிலம் என்று! அதன் 35 முதல் 37 வரையிலான இடங்களில் டி-ஏ-எம் என்று இருந்தால்தான் அது தமிழ் நூல். கவனிக்காமல் ஆயிரம் நூல் ஏற்றிய பிறகு 'தமிழ் மட்டும்' என்று வடிகட்டினால் திரை வெறுமையாக நிற்கும். அமைப்புப் பகுதியில் 008க்கான இயல்பு மொழியை ஒருமுறை மாற்றிவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. கன்னடத்திலிருந்து மொழிபெயர்த்த நூல்களுக்கு 041 புலத்தில் மூலமொழி கே-ஏ-என் என்றும் சேர்த்துவிடுங்கள். 'கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்தவை எவை?' என்று இந்த ஊரில் கேட்காமல் வேறு எங்கே கேட்பார்கள்?

தலைப்பு 245இல் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். இறக்கிய பதிவில் இருந்த உரோமத் தலைப்பை அழிக்காமல் 246க்கு நகர்த்துங்கள். மக்கள் வழக்கமாக அடிக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றும், சேர்த்து எழுதிய வடிவம் ஒன்றும் அதே 246இல் தனித்தனியாக வரலாம்; அந்தப் புலத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். உரோம எழுத்தை இணைக்க 880 என்றொரு முறையான வழி இருக்கிறதே என்று நூலகவியல் படித்தவர்கள் கேட்பார்கள். சரிதான். ஆனால் அதன் இணைப்பு எண்களைத் தன்னார்வலர் தவறில்லாமல் போடுவது கடினம். 246 போதும் என்பது எங்கள் தீர்மானமான கருத்து. இந்த ஊரில் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்து, தமிழை வீட்டில் பேசி வளர்ந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்தில்தான் தேடுவார்கள். அவர்களுக்கும் இந்த அலமாரி திறக்க வேண்டும்.

ஆசிரியர் பெயரில் முன்னெழுத்து பின்னால் போகட்டும்: 'சாமிநாதையர், உ. வே., 1855-1942'. 'உ.வே.சா.' என்று தேடுகிறவருக்காக ஆசிரியர் அதிகாரப் பதிவில் (ஒருவர் பெயரின் நிலையான வடிவத்தையும் மாற்று வடிவங்களையும் வைத்திருக்கும் தனிப் பதிவு) 400 புலத்தில் அந்த வடிவத்தைச் சேர்த்து, அதையும் தேடலில் சேர்க்கும் விருப்பத்தை இயக்கிவிடுங்கள். ஒவ்வொரு நூலிலும் ஒவ்வொரு விதமாகப் பெயரை எழுதுவதை இது நிறுத்தும்.

கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக உருவாக்க முடியும்: ஸகரத்தில் தொடங்கி ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கி இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும். தேடலில் ஒன்று மற்றொன்றைக் காணாது. அதேபோல 'ௌ' குறிக்குப் பதிலாக ஒற்றைக்கொம்பும் ளகரமும் அடிக்கும் பழக்கம். எல்லாக் கணினியிலும் ஒரே விசைப்பலகை மென்பொருளை வையுங்கள், பாதித் தொல்லை போய்விடும்.

முதுகுச் சீட்டிலும் இதே கதை. தமிழ்ப் புதினத்துக்கு டூயி வகைப்பாட்டு எண் 894.8113; அதன் கீழே ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து. மென்பொருள் தானாக வெட்டினால் குறியீட்டை எண்ணித்தான் வெட்டும், எழுத்தை எண்ணி அல்ல. 'முருகன்' என்பதில் ம, உகரக் குறி, ர என்று மூன்றும் முடிந்து 'முர' என்று அச்சாகும். 'முருக' வர வேண்டுமானால் அழைப்பெண்ணை (வகைப்பாட்டு எண்ணும் இந்த எழுத்துகளும் சேர்ந்தது) கையால் அடிக்க வேண்டும்.

இவ்வளவும் முடித்துச் 'சேமி' அழுத்தாமல் தாவலை மூடினால் எதுவும் தங்காது; தேடிக் கிடைத்தது உங்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டதாக ஆகாது. சேமித்த பிறகும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. படியைச் சேர்க்கும் திரையில் பார்கோடு, சேர்க்கை எண், அழைப்பெண், நூலகம் நான்கையும் போட்டால்தான் இரவல் கொடுக்க முடியும். படி இல்லாத பதிவு வாசகருக்கு 'கைவசம் இல்லை' என்றே காட்டும்.

மொத்தமாக எக்செல்லிலிருந்து ஏற்ற நினைப்பவர்களுக்கு: ஐஎஸ்பிஎன் பத்தியையும் சேர்க்கை எண் பத்தியையும் 'உரை' என்று முதலிலேயே வடிவமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பதின்மூன்று இலக்கம் 9.78 என்று சுருங்கி, சிஎஸ்வியாகச் சேமித்ததும் கடைசி இலக்கங்கள் பூச்சியமாகிவிடும். 00415 என்ற சேர்க்கை எண் 415 ஆகிவிடும். பிறகு மார்க்எடிட் என்ற மென்பொருள் கொண்டு மார்க் கோப்பாக்கி, கோஹாவில் நேரடியாக ஏற்றாமல் முதலில் இடைநிலைத் தொகுப்பாக (பட்டியலில் சேராமல் சரிபார்ப்புக்குக் காத்திருக்கும் தொகுப்பு) ஏற்றுங்கள். அங்கே பொருத்த விதியாக ஐஎஸ்பிஎன்னைத் தேர்ந்தெடுத்தால் ஏற்கெனவே உள்ளவற்றைக் காட்டிக்கொடுக்கும். முதல் முறை இருபது நூல் மட்டும். தவறானால் அந்தத் தொகுப்பு முழுவதையும் திரும்பப் பெறும் வசதி அதே திரையில் இருக்கிறது.

உங்களிடம் கேட்பது இவைதான். எழுத்துக்கூட்டல் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி உங்கள் குழுவின் ஒப்புதலோடு ஒட்டுங்கள். பதிவுகளை ஒன்றிணைக்கும், அழிக்கும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள். இரட்டைப் பதிவுகளை ஒன்றிணைத்தால் படிகள் தாமே சரியான பதிவின் கீழ் போய்ச் சேரும், அழித்து மீண்டும் ஏற்ற வேண்டியதில்லை. மாதம் ஒருமுறை உங்கள் பதிவுகளை மார்க் கோப்பாக ஏற்றுமதி செய்து மற்றச் சங்கங்களுக்கு அனுப்புங்கள். ஒரு நூலகத்தில் ஒருவர் பொறுமையாகத் திருத்திய பதிவை மற்ற நூலகங்கள் நிமிடத்தில் இறக்கிக்கொள்ளலாம். முதல் கோப்பு எங்களுக்கு வந்ததும் இரட்டைப் பதிவுகளைக் குறித்துத் திருப்பி அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
நூற்பட்டியல் பணியிலுள்ள தன்னார்வலர்கள்,
பெங்களூரு