எக்ஸை விட்டுப் போகலாமோ என்று கேட்ட முல்லைத்தீவுத் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிரித்தானிய நாளிதழ் கார்டியன் 2024 நவம்பர் 13இல், முன்பு ட்விட்டர் என்றிருந்த எக்ஸில் இனி எழுதுவதில்லை என்று அறிவித்தது. மறுநாள் பார்சலோனாவின் லா வான்கார்டியா நாளிதழும் அப்படியே. அமெரிக்க வானொலியான என்பிஆர், தனக்கு 'அரசு சார்ந்த ஊடகம்' என்று முத்திரை குத்தியதால் 2023 ஏப்ரலிலேயே வெளியேறிவிட்டது. அவர்கள் போகலாம், வாசகர் நேரே வந்துசேர அவர்களுக்குச் சொந்த வாசல் உண்டு. ஊர்ச் செய்தி எழுதும் உம்மிடம் இருப்பது ஒரு கைத்தொலைபேசி, ஒரு பேஸ்புக் பக்கம், ஒரு எக்ஸ் கணக்கு.

முல்லைத்தீவுச் சனம் செய்தி பார்ப்பது பேஸ்புக்கிலும் வட்ஸ்அப் குழுக்களிலும்தான். ஆனால் 2023 யூனில் தண்ணீர்க் குழாய்க்கு மண் வெட்டும்போது வெளிப்பட்ட கொக்குத்தொடுவாய்ப் புதைகுழி போன்ற செய்தியைத் தூதரகங்களும் வெளிநாட்டு நிருபர்களும் தேடுவது இன்னும் எக்ஸில். ஆகவே கணக்கு இருக்கட்டும், உழைப்பை மட்டும் குறையும். இணைப்புப் போட்ட பதிவை அங்கே கீழே தள்ளினார்கள். விபரத்தைப் பதிவில் எழுதி, இணைப்பைப் பதிலில் போடும்படி எக்ஸின் உரிமையாளர் மஸ்க்கே 2024இல் சொன்னார்.

பேஸ்புக் மட்டும் என்ன திறமோ? நவம்பர் 27 மாவீரர் நாள் படத்தில் ஓரமாகப் புலிகளின் தலைவரின் உருவமோ புலிக்கொடியோ தெரிந்தாலே பதிவு போய்விடலாம். செய்தி சொல்லும் பதிவுக்கு விதியில் இடமுண்டு, ஆனால் இயந்திரத்துக்கு அந்த வித்தியாசம் விளங்குவதில்லை. விளக்குகளையும் சனத்தையும் எடும். நிருவாகி ஒருவர்தான் என்றால், அவருடைய சொந்தக் கணக்கு முடங்கும் நாளில் பக்கமும் கைவிட்டுப் போகும். முழு உரிமையோடு இன்னொருவரையும் சேரும். எங்கே போனாலும், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் இலங்கையின் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கூடவே வரும் என்பது வேறு கதை.

போகத்தான் போகிறீர் என்றாலும் கணக்கை அழிக்காதேயும். முடக்கி 30 நாள் கழிந்தால் எல்லாம் அழிந்துவிடும், உமது பெயரை வேறொருவர் எடுக்கவும் வழி பிறக்கும். பிறகு உமது பெயரில் வரும் பொய்க்கு ஊரெல்லாம் உம்மைத்தான் கேட்கும். புதிய முகவரியை ஒரு பதிவில் எழுதி மேலே குத்திவிட்டு, கணக்கைப் பூட்டாமல் வைத்து, மாதம் ஒருமுறையாவது உள்ளே போய் வாரும். 2023 மார்ச் 20க்குப் பிறகு கடவுச்சொல்லோடு குறியீடும் கேட்கும் இரட்டைப் பாதுகாப்பு, குறுஞ்செய்திவழி என்றால் காசு கட்டுவோருக்கு மட்டும்தான். அந்தக் குறியீட்டைத் தரும் செயலியைப் போட்டு, மாற்றுக் குறியீட்டைக் கடதாசியில் எழுதி வீட்டில் வையும். சிம் தொலைந்தாலும் கணக்கு தொலையாது.

அமைப்புகளில் 'உங்கள் கணக்கு' என்ற பகுதிக்குப் போய்த் தரவுக் காப்பகத்தைக் கேளும். வர ஒரு நாளுக்கு மேலாகலாம். பெரிய கோப்பு, ரீலோட் டேட்டாவில் இறக்கினால் பாதியில் நிற்கும், வைஃபை உள்ள இடம் பாரும். அதில் வரும் படங்களை மூலம் என்று நம்பாதேயும். எடுத்த நேரமும் இடமும் ஏற்றும்போதே உரிந்துவிடும். கமராவில் உள்ள மூலத்தை இரண்டு இடத்தில் வையும். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்பும். ஆனால் ஒன்று, மூலத்தில் எடுத்த இடத்தைக் காட்டும் இடக்குறி இருந்தால் சாட்சி சொன்ன அம்மாவின் வீட்டு வாசலும் அதோடு போகும். அவர்களைப் படமெடுக்க முதலே கமராவின் இடக்குறியை நிறுத்தும்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டப் படங்கள் உம்மிடம் இருந்தால், முதலில் அவற்றைப் பிரதி எடும்.

அன்புடன்,
அண்ணன்