ஜூலை 10-ஐ வேலூர் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையாக அறிவிக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
வேலூர் மாவட்டம்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். 1806-இல் வேலூர்க் கோட்டையில் ஆங்கிலேயரை எதிர்த்துச் சிப்பாய்ப் புரட்சி நடந்த ஜூலை 10-ஆம் தேதியை ஆண்டுதோறும் நம் மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறையாக அறிவிக்க வேண்டும். இப்போது அன்றைக்குக் காலையில் மக்கான் பகுதியில் உள்ள நினைவுத் தூணுக்கு மரியாதை செய்கிறார்கள், கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது, பிள்ளைகளோ அந்த நேரத்தில் வகுப்பில் இருக்கிறார்கள். அந்தத் தூண் யாருக்காக நிற்கிறது என்று தெரியாமலேயே தினமும் பஸ்ஸில் அதைக் கடந்து போகிற பிள்ளைகள் நம் ஊரில் உண்டு.

1857-இல் மீரட்டில் தொடங்கிய பெரும் புரட்சிக்கு 51 ஆண்டுகள் முன்பே நடந்தது இது. நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடு, மீசையைச் சொன்ன அளவுக்கு வெட்டு, தோல் சேர்த்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று ஆங்கிலேயரின் சென்னை ராணுவத் தலைமை சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டது, எதிர்த்தவர்களுக்குக் கசையடி கொடுத்தது. ஜூலை 10 விடியும் முன்பே இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் சேர்ந்து எழுந்தார்கள், கோட்டையைப் பிடித்தார்கள், மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து அன்றைக்கே கோட்டையை மீட்டுவிட்டார். கோட்டைக்குள் திப்புவின் குடும்பம் இருந்த அரண்மனையில் தஞ்சம் புகுந்திருந்த சிப்பாய்களை வெளியே இழுத்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அப்புறம் விசாரணை நடத்தி, சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்தார்கள், சிலரைத் தூக்கில் போட்டார்கள். ஆனாலும் அந்தத் தலைப்பாகை உத்தரவை ஆங்கிலேயரே திரும்பப் பெற வேண்டியதாயிற்று, கவர்னர் பென்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். அந்தச் சிப்பாய்கள் தோற்றுப்போனார்கள் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உள்ளூர் விடுமுறை நமக்குப் புதிதல்ல. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு விடுகிறோம், தீரன் சின்னமலை நினைவு நாளுக்கு ஈரோடு மாவட்டத்தில் விடுகிறார்கள். அதே முறையில் ஒரு சனிக்கிழமையை ஈடுசெய்யும் வேலைநாளாக வைத்துக்கொள்ளலாம், கருவூலம் எப்போதும்போல் குறைந்த பணியாளர்களோடு இயங்கலாம்.

லீவு விட்டால் வீட்டில் படுத்துத் தூங்குவார்கள் என்று சிலர் சொல்வார்கள். சரி, அதற்கும் வழி இருக்கிறது. அன்று காலை கோட்டையில் ஒரு பொது நிகழ்ச்சி வையுங்கள். வர விரும்பும் மாணவர்களைப் பெற்றோரோடு வரச் சொல்லி, எந்த வாசல் வழியாகக் கில்லெஸ்பியின் படை நுழைந்தது, திப்புவின் குடும்பத்தை எங்கே அடைத்து வைத்திருந்தார்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் அந்தந்த இடத்திலேயே நின்று சொல்லட்டும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால் அவர்களிடம் முன்கூட்டியே பேச வேண்டியிருக்கும். இறந்த சிப்பாய்களில் ஆவணங்களில் பெயர் கிடைக்கிறவர்களின் பெயர்களைத் தமிழில் எழுதி ஒரு கல்வெட்டாக அங்கே வைக்கவும் அப்போதே கேளுங்கள்.

ஜூன் மாதத்திலேயே அறிவிப்பு வந்துவிட்டால் பள்ளிகள் ஏற்பாடு செய்துகொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
வேலூர்வாசி ஒருவர்