ஒயர் பேரை மறைச்சுட்டு கேட்டுப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை நம்ம பேப்பர்ல வந்த ஸ்பீக்கர் ஒயர் விமர்சனம் படிச்சேன். பாஸ், அதாவது அடித்தொனி, இறுக்கமா இருக்கு, குரல் முன்னாடி வந்து நிக்குதுன்னு எழுதியிருந்தாரு, ஆனா எந்த ஒயர் ஓடுதுன்னு தெரிஞ்சுகிட்டேதான் கேட்டாரா, மறைச்சு வச்சு கேட்டாரான்னு ஒரு வரி இல்ல. அவர் பொய் சொல்றாருன்னு நான் சொல்லவே வரல, அவருக்கு நெசமாவே அப்படித்தான் கேட்டிருக்கும், பிரச்சினையே அதுதான்: எது ஓடுதுன்னு தெரிஞ்சுட்டா காதுக்கு கேட்கறதே மாறிடும்.

1994ல ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ரெண்டு ஒலி ஆராய்ச்சியாளருங்க அமெரிக்காவுல ஹார்மன்ங்கற ஸ்பீக்கர் கம்பெனிக்காக இதை சோதிச்சுப் பாத்தாங்க. 4 ஸ்பீக்கர், கேட்டவங்க 40 பேர், அத்தனை பேரும் அந்த கம்பெனி ஆளுங்கதான். திரை போட்டு மறைச்சு ஒரு தடவை, கண்ணுக்கு முன்னாடி வச்சு ஒரு தடவை மார்க் போட சொன்னாங்க. கண்ணால பாத்தப்போ சின்னதா, விலை கம்மியா இருந்த செட்டுக்கு மார்க் இறங்கிருச்சு, பெரிய பெட்டிக்கு ஏறிருச்சு. எனக்கு அதைவிட பெருசா பட்டது இன்னொண்ணு, ஸ்பீக்கரை ரூம்ல இடம் மாத்தி வச்சா சத்தம் மாறும்ல, திரைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டவங்க அதை நல்லாவே புடிச்சாங்க, பாத்துகிட்டு கேட்டவங்களுக்கு அது அவ்வளவா தட்டுப்படல. அப்போ கண்ணால பாக்கறது இல்லாத வித்தியாசத்தை சேர்க்கறது மட்டும் இல்ல, இருக்கற வித்தியாசத்தையும் காதுக்கு எட்டவிடாம பண்ணுது.

என் கதையும் சொல்றேன். ஒரு கடைக்கு என் பழைய ஆம்பையும் (ஸ்பீக்கருக்கு சத்தம் ஏத்திக் குடுக்கற ஆம்ப்ளிஃபயர்) தூக்கிட்டுப் போய் புதுசோட வச்சு கேட்டேன், புதுசு அவ்வளவு தெளிவா இருந்துச்சு, உடனே வாங்கிட்டேன். ரெண்டோட சத்தமும் ஒண்ணா இருக்கான்னு அங்க யாரும் அளக்கல, கொஞ்சூண்டு சத்தம் கூடினாலே நம்ம காதுக்கு அது "நல்ல சவுண்ட்"னுதான் படும். அப்புறம் வீட்டுல 1000 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில வர்ற சத்தம்) போட்டு, ஸ்பீக்கர்ல ஒயர் மாட்டற டெர்மினல்ல வோல்ட் மீட்டர் வச்சு ரெண்டையும் 2 வோல்ட்டுக்கு கொண்டுவந்தேன், 0.02 வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் இல்லாம, அதாவது சத்த அளவுல கிட்டத்தட்ட 0.1 டெசிபல். மச்சான் எனக்குத் தெரியாம காசு சுண்டி சுண்டி ஆம்பை மாத்தினான், 16 தடவை. எது ஓடுதுன்னு 9 தடவை சரியா சொன்னேன். குருட்டாம்போக்குல சொன்னாலே 8 வரும், 12 வந்திருந்தாதான் காதுக்கு ஏதோ தெரியுதுன்னு நம்பலாம். அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அவசர அவசரமா மாத்தி மாத்தி கேட்டா நுணுக்கம் தெரியாது, மாசக்கணக்குல கேட்கணும்னு சொல்றவங்க இருக்காங்க. தாராளமா மாசக்கணக்குல கேளுங்க, பேர் தெரியாம கேளுங்க, அவ்வளவுதான் வேணும். மறைச்சு கேட்டா எல்லாமே ஒண்ணுன்னு ஆயிடும்ங்கறதும் தப்பு. அதே ஆலிவ் 2003ல 268 பேரை வச்சு 4 ஸ்பீக்கரை பேர் தெரியாம கேட்க வச்சாரு, பயிற்சி உள்ளவங்களும் சரி இல்லாதவங்களும் சரி, கிட்டத்தட்ட ஒரே வரிசையிலதான் புடிச்சிருக்குன்னு சொன்னாங்க. ஸ்பீக்கர்ல வித்தியாசம் நெசம், காசை அங்க போடலாம்.

இனிமே விமர்சனம் போடும்போது சத்தத்தை அளந்து சமப்படுத்தினாங்களா, பேரை மறைச்சாங்களா, எத்தனை தடவை கேட்டாங்கன்னு மூணு வரி சேர்த்துப் போடுங்க. என்கிட்ட மீட்டரும் சுவிட்ச் பாக்ஸும் இருக்கு, விமர்சகர் கூப்பிட்டா நானே எடுத்துட்டு வர்றேன்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷ வாசகர், மதுரை