கோரிக்கை மனு: புறாமலையில் அறுந்துபோன மிதப்புக் கயிற்றைத் திரும்பக் கட்டித் தருதல்

பெறுநர்: பொறுப்பதிகாரி அவர்கள்
ஊடாக: கிராம உத்தியோகத்தர்

விடயம்: புறாமலைத் தீவில் குளிப்பவர்களுக்கும் படகுகளுக்கும் நடுவே எல்லையாக இருந்த கயிறு தொடர்பானது (நான்காவது தடவை)

மதிப்பிற்குரிய ஐயா,

நான் திருகோணமலை நிலாவெளிக் கரையில் இருந்து சுற்றுலாப் பயணிகளைப் புறாமலைக்குக் கூட்டிப்போய், முகக்கண்ணாடியும் குழாயும் மாட்டிவிட்டு, கடலுக்குள் மீனும் முருகைக்கல்லும் காட்டுகிற வழிகாட்டி. சண்டை முடிந்து கரைக்குச் சனம் வரத் தொடங்கிய நாளில் இருந்து இதுதான் என் தொழில். அதற்கு முன் அப்புவோடு இதே கரையில் கரைவலை இழுத்தேன்.

இடத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. போன வருடம் தாங்கள் மேலதிகாரிகளோடு வந்திருந்தபோது, படகின் அணியத்தைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஆட்களில் நானும் ஒருவன். படகுகள் ஏறுகிற மணலும், அதை ஒட்டிச் சனம் முகம் குப்புற மிதக்கிற இடமும் எவ்வளவு கிட்ட என்று தாங்களே பார்த்தீர்கள். அப்போது கயிறு இருந்தது.

மார்ச் மாதம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். மே மாதம் நேரில் வந்து கையில் கொடுத்தேன். ஜூலையில் முப்பத்தொரு பேர் கையெழுத்தோடு மூன்றாவது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆகவே கீழ்க்காணும் விடயங்களைத் தங்கள் மேலான கவனத்துக்கு மீண்டும் பணிவாகக் கொண்டுவருகிறேன்.

1. நீல நிறக் கயிறும் செம்மஞ்சள் மிதப்புகளும் போன வாடைக் காலத்தில் அறுந்தன. பாதி கரையில் ஒதுங்கியது. மிதப்புகளைப் பொடியன்கள் விளையாட எடுத்துப் போய்விட்டார்கள். கீழே கட்டியிருந்த கொங்கிறீட் கட்டைகள் மணலில் அப்படியே கிடக்கின்றன. அவற்றில் சின்ன மீன்கள் குடித்தனம் நடத்துகின்றன. புதிதாகக் கட்டை ஊன்றத் தேவையில்லை, கயிறு மட்டும் போதும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2. மே முதல் செப்டெம்பர் வரைதான் எங்கள் கடல் அமைதி. அந்த மாதங்களில்தான் சனமும் வருகிறது, பள்ளி விடுமுறை என்றால் சொல்லவே வேண்டாம். கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் தூரம். ஒரு படகு ஆட்களை இறக்கிவிட்டு உடனே அடுத்த ஆட்களை ஏற்றத் திரும்பும். எல்லாப் படகும் ஒரே மணலுக்குத்தான் வந்தாக வேண்டும். கயிறு இருந்தபோது அந்தப் பக்கம் படகு, இந்தப் பக்கம் ஆள். இப்போது எந்தப் பக்கம் எது என்று கடலுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

3. ஜூலை மாதம் நடந்தது. மூன்றாவது கடிதத்தில் இரண்டு வரியில் எழுதினேன், அது போதவில்லை போலும். முழுவதையும் எழுதுகிறேன்.

வவுனியாவில் இருந்து ஒரு குடும்பம். தகப்பன், தாய், ஒன்பது வயது மகள். பிள்ளைக்கு ஒரே பயம் சுறா. இங்கே வருகிற கருமுனைச் சுறா கூச்ச சுபாவம் உள்ளது, ஆளைக் கண்டால் அதுதான் முதலில் ஓடும் என்று கரையிலேயே சொல்லித் தைரியம் கொடுத்தேன். காலையில் ஒன்பது மணி இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி. பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கிளிமீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது முருகைக்கல்லைக் கறும்புகிற சத்தம் கேட்கிறதா என்று விரலால் சைகை காட்டினேன், தலையாட்டினாள்.

அப்போது எஞ்சின் சத்தம். ஐயா, தாங்கள் தலையைத் தண்ணீருக்குள் வைத்து எஞ்சின் சத்தம் கேட்டிருக்கிறீர்களோ தெரியாது. காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் கூடுதலான வேகத்தில் சத்தம் தண்ணீரில் போகும். இரண்டு காதிலும் ஒன்றாக வந்து விழும். இடமா, வலமா, தூரமா, தலைக்கு மேலேயா, ஒன்றும் பிரித்தறிய முடியாது. தலையைத் தூக்கினேன். படகு பதினைந்து இருபது அடியில். முன்னால் ஆட்கள் எழும்பி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்ததால் ஓட்டுகிறவனுக்கு எங்களைத் தெரியவில்லை.

பிள்ளை உயிர்காப்பு அங்கி போட்டிருந்தாள். அங்கி போட்ட ஆளைக் கீழே அமுக்க முடியாது, தக்கை மாதிரி மேலேதான் வரும். ஆகவே அவளைக் கல் பக்கமாகத் தள்ளினேன். தள்ளிய வேகத்தில் என் கால் பின்னால் நின்றுவிட்டது. புரொப்பெல்லர் முதலில் காலில் மாட்டியிருந்த ரப்பர் துடுப்பை வெட்டியது, பிறகு கெண்டைக்காலை. பதினான்கு தையல். அந்த நேரம் வலி தெரியவில்லை. தண்ணீர் நிறம் மாறியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் பிள்ளை போட்ட சத்தம்தான் இன்றும் காதில் இருக்கிறது. குழாயை வாயில் வைத்தபடியே கத்தினாள்.

படகை ஓட்டியவன் எனக்குத் தூரத்துச் சொந்தம், மருமகன் முறை. அவன்மேல் முறைப்பாடு கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். கோடு எங்கே என்று யாராவது அவனுக்குக் காட்டினார்களா? ஆனால் அன்று வந்த அந்தத் தகப்பன் என்னிடம் கேட்ட கேள்விக்குத் தாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்: "அண்ணை, நுழைவுச்சீட்டுக்குக் காசு வாங்கினவையள்தானே, அப்ப உள்ள ஒரு கயிறு கட்டேலாதா?"

4. சிலிண்டரோடு இறங்குகிற சுழியோடிகளின் பாடும் இதேதான். முதற்கட்டப் பயிற்சி முடித்தவர்களே 18 மீற்றர் வரை போகிறார்கள். அங்கிருந்து மேலே வரும்போது மெதுவாக, மூச்சை அடக்காமல் வர வேண்டும். தலைக்கு மேலே படகு வந்துவிட்டது என்று சட்டென்று விலகவோ, பாய்ந்து மேலே வரவோ முடியாது. சிவப்புத் துணியில் வெள்ளைக் குறுக்குக் கோடு போட்ட கொடியைப் படகில் கட்டினால் கீழே சுழியோடி இருக்கிறான் என்று அர்த்தம். எங்கள் பொடியன்களில் பாதிப் பேருக்கு அது ஏதோ விளையாட்டுக் கழகக் கொடி. இது எங்கள் பக்கப் பிழை, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் வகுப்பு வைத்துத் தந்தால் எல்லோரையும் நானே கூட்டிவருவேன். 1956 இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலை அடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களைப் பார்த்த கடல் இது. சுழியோட்டம் இங்கே நேற்று வந்த விளையாட்டு அல்ல.

5. முருகைக்கல். கயிறு இருந்தபோது படகுகள் மணலில் மட்டும் நங்கூரம் போட்டன. இப்போது கிடைத்த இடத்தில் போடுகிறார்கள். எங்கள் நங்கூரம் கடையில் வாங்கியது அல்ல, கட்டடக் கம்பியை வளைத்து ஒட்டியது, நாலு கொக்கி. கல்லுக்குள் மாட்டினால் எஞ்சினை இறுக்கித்தான் இழுப்பார்கள். வரும்போது மான்கொம்பு மாதிரிக் கிளையோடு வரும். ஒரு தடவை படகுக்குள் விழுந்த கிளையில் இருந்து விரல் நீள நண்டு ஒன்று வெளியே வந்து, எங்கே போவது என்று தெரியாமல் பலகையில் சுற்றிச் சுற்றி நடந்தது. அந்தக் கிளை அந்த அளவுக்கு வளர நல்ல கடலிலேயே வருடக்கணக்கு ஆகும். 1998 இல் கடல் சூடு கூடி தெற்கே ஹிக்கடுவைப் பக்கம் முருகைக்கல் வெளுத்துச் செத்தபோதுகூட எங்கள் பக்கம் தப்பிப் பிழைத்தது. சூட்டுக்குத் தப்பியதைக் கம்பியால் இழுத்து உடைக்கிறோம். 1963 இல் சரணாலயம், 2003 இல் தேசியப் பூங்கா என்று வாசலில் பலகை எதற்கு வைத்திருக்கிறீர்கள் ஐயா?

6. நீங்களே ஏதாவது செய்யக்கூடாதா என்று தாங்கள் கேட்கலாம். செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எட்டுப் பேர் சேர்ந்து, பழைய வலைக் கயிற்றில் வெறும் பிளாஸ்டிக் கான்களைக் கட்டி எல்லை போட்டோம். செவ்வாய்க்கிழமை ஆள் வந்து, பூங்கா எல்லைக்குள் அனுமதி இல்லாமல் எதையும் கட்டுவது குற்றம், 1937 ஆம் ஆண்டு விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் வழக்குப் போடலாம் என்று சொன்னார். அவிழ்த்துவிட்டோம். சரி, சட்டம் சட்டம்தான். அப்படியென்றால் அனுமதி தாருங்கள் என்று கேட்டு வந்தால், "தம்பி, அது இந்தக் கந்தோர் வேலை இல்லை, மற்றக் கந்தோருக்குப் போங்கோ" என்றார்கள். மற்றக் கந்தோரில் இங்கே போகச் சொன்னார்கள். தையல் போட்ட காலோடு இரண்டு படிக்கட்டும் ஏறி இறங்கினேன். கட்டினால் குற்றம், கட்டாவிட்டால் யாருக்கும் குற்றம் இல்லையா?

7. கயிறு. மிதப்பு. வேறொன்றும் கேட்கவில்லை. கரையில் கழிவறை வேண்டும், உடுப்பு மாற்ற மறைவிடம் வேண்டும் என்று எழுத ஆசைதான், எழுதவில்லை. அவை வரும்போது வரட்டும்.

ஐயா, எழுதிக்கொண்டே போகும்போது வார்த்தை கொஞ்சம் தடித்துவிட்டது. மன்னிக்க வேண்டும். தங்கள்மேல் கோபம் இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் புதிதாக வருகிற ஆட்களிடம் "சுறா ஒன்றும் செய்யாது, பயப்படாதீர்கள்" என்று சொல்லும்போது எனக்கே வாய் கூசுகிறது. படகைப் பற்றி என்ன சொல்ல?

ஆகவே, தயவுசெய்து அந்தக் கயிற்றைக் கட்டித் தாருங்கள். கட்டித் தர நிதி இல்லை என்றால், நாங்கள் கட்டுவதற்கு எழுத்தில் ஓர் அனுமதி தாருங்கள். கயிறும் மிதப்பும் எங்கள் செலவு, கட்டுகிற நாளில் தங்கள் உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நின்றால் போதும். அதுவும் முடியாது என்றால், முடியாது என்றாவது ஒரு பதில் போடுங்கள். கடிதம் கிடைத்தது என்ற ஒரு வரிகூட இல்லாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை. பருவம் முடிய இன்னும் ஆறு கிழமை இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
படகு வழிகாட்டி, நிலாவெளிக் கரை
(மற்றும் கீழே கையெழுத்திட்ட நாற்பத்திரண்டு பேர். போன தடவை முப்பத்தொன்று)

இணைப்புகள்:
முந்திய மூன்று கடிதங்களின் பிரதிகள், பதிவுத் தபால் பற்றுச்சீட்டோடு.
வெட்டுப்பட்ட ரப்பர் துடுப்பின் புகைப்படம். காலின் படத்தை இணைக்கவில்லை. தேவையென்றால் நேரில் வந்து காட்டுகிறேன்.
அறுந்த கயிற்றின் துண்டு, ஒரு முழம். கடையில் அதே தடிப்பில் வாங்குவதற்கு உதவும்.